முழங்கைக்கு ஒத்துக்கொள்ளும் கிரீம் மார்புக்கு அடியில் ஏன் எரிகிறது?

கேள்வி: எனக்கு வயது 44. சின்ன வயதிலிருந்தே முழங்கை, முழங்கால் மடிப்புகளில் கரப்பான் உண்டு. மாய்ஸ்சரைசர் தடவினால் அடங்கிவிடும். ஆறு மாதமாக மார்புகளுக்கு அடியிலும் தொடையிடுக்கிலும் சிவந்து, எரிச்சலும் அரிப்புமாக இருக்கிறது. அதே மாய்ஸ்சரைசரை இன்னும் தாராளமாகத் தடவினேன், அதிகமாகிவிட்டது. மருந்துக்கடையில் கொடுத்த கிரீமைப் போட்டால் நான்கு நாள் நன்றாக இருக்கும், நிறுத்தினால் திரும்பவும் வருகிறது. வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. தோலோடு தோல் ஒட்டும் இடத்தில் யாருக்கும் வரக்கூடிய தொந்தரவு இது; கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில்கூட வரும். சுத்தமில்லாததால் வருவதும் அல்ல. அப்படி நினைத்துக்கொண்டு சோப்பும் கிருமிநாசினியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு இருப்பது ஒரே நோய் இரண்டு இடத்தில் அல்ல. முழங்கை மடிப்பில் தோலின் ஈரம் வெளியே கசிந்து தோல் வறண்டுபோகிறது. அங்கே மாய்ஸ்சரைசர்தான் மருந்து; குளித்த ஈரம் காயும் முன்பே தாராளமாகத் தடவுங்கள். மார்புக்கு அடியில் நடப்பது இதற்கு நேர் எதிர். வேர்வை வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. வெகுநேரம் தண்ணீரில் இருந்த விரல் நுனியைப் போலத் தோல் ஊறிவிடுகிறது. ஊறிய தோல் ஒன்றோடொன்று உரசினால் சிவந்து புண்ணாகும். அதன்மேல் கெட்டியான கிரீமைப் பூசினால் ஈரத்தை உள்ளேயே பூட்டியதுபோல் ஆகிவிடும். அதனால்தான் அதிகமானது.

ஊறிய தோலில் அடுத்து வருவது பெரும்பாலும் காண்டிடா என்ற பூஞ்சை. நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்புத் திட்டைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவந்த பொட்டுகள் சிதறியிருந்தால் காண்டிடாவாக இருக்கலாம். தொடையில் ஓரம் மட்டும் தடித்துச் செதில் விட்டு, நடுவில் தெளிந்திருந்தால் படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். செதிலே இல்லாமல், கோடு போட்டதுபோல் ஓரத்துடன் பளபளவென்று சிவந்திருந்தால் சொரியாசிஸாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து உறுதி செய்வது மருத்துவர்களான எங்களுக்கே சில சமயம் கஷ்டம்தான். தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த மருந்துக்கடை கிரீம்தான். இப்படிக் கொடுக்கப்படும் பல கிரீம்களில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடுவதால் குணமானதுபோல் தோன்றும். பூஞ்சை உள்ளே இருந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, மடிப்புத் தோல் மருந்தை மற்ற இடங்களைவிட அதிகமாக உறிஞ்சும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, என்றைக்கும் மறையாத கோடுகள் விழலாம். அந்த கிரீமை நிறுத்திய பிறகு சில நாட்களுக்கு எரிச்சல் கூடலாம். பயந்துபோய் மறுபடி அதையே எடுத்துப் பூசாதீர்கள்.

சரி, இப்போதைக்கு என்ன செய்வது? வெதுவெதுப்பான தண்ணீரில், சோப்பு இல்லாத மென்மையான கிளென்சரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உடனே உடை மாட்டாமல் மின்விசிறிக் காற்றில் சிறிது நேரம் உலரவிடுங்கள். ஹேர் டிரையர் பயன்படுத்தினால் குளிர்ந்த காற்று மட்டும். அதன்பின் ஸ்டீராய்டு கலக்காத கிளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து கிரீமை மெல்லிசாக, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரம் தேவைப்படும். சிவப்பு போன அன்றே நிறுத்திவிடக் கூடாது. ஆறிய பிறகு ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லிய படலமாகப் பூசி வந்தால் உரசல் குறையும். பவுடர் வேண்டாம், வேர்வையில் கட்டிகட்டியாகி அதுவே உரசும். மடிப்புக்குள் மெல்லிய பருத்தித் துணி வைக்கலாம், ஆனால் நனைந்ததும் மாற்ற வேண்டும். ஈரத்துணியை வைத்திருப்பது வைக்காததைவிட மோசம். மார்பை நன்றாகத் தூக்கிப் பிடிக்கும் பிரா பகலில் உதவும்.

அப்புறம், ரத்தத்தில் சர்க்கரை அளவை ஒரு முறை பார்த்துவிடுங்கள். பூஞ்சை திரும்பத் திரும்ப வருவதற்குப் பின்னால் கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை நோய் இருப்பது உண்டு.

காய்ச்சல், சீழ், துர்நாற்றம், வலி, வேகமாகப் பரவும் சிவப்பு, இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இல்லையென்றாலும், ஆறு மாதம் ஆகிவிட்டதால் தோல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். போகும்போது அந்த டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் என்ன மருந்து இருக்கிறது, எத்தனை நாள் போட்டீர்கள் என்று தெரிந்தால்தான் அவரால் உங்கள் தோலைச் சரியாகக் கணிக்க முடியும்.