அறுபது படுக்கை இல்லம் வேண்டாம்

கேள்வி: பத்து வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்தில் கல்விப் பணிகளைக் கவனித்து வந்தேன். அடுத்த மாதம் முதல், எல்லையை ஒட்டிய ஒரு முகாமில் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைமை ஏற்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னோடு 12 பேர். பணம் ஆறு மாதத்துக்கு. உள்நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களும் எல்லை கடந்து வந்தவர்களும் அங்கே கலந்திருக்கிறார்கள். தனியாக வந்த பிள்ளைகளும் நிறைய என்கிறார்கள். முதல் வேலையாக 60 படுக்கைகளோடு ஒரு குழந்தைகள் இல்லம் கட்டச் சொல்கிறார்கள், நிதி தருபவர்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இல்லத்தை மறுப்பதிலிருந்து தொடங்குங்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரமே பணம் தருபவரோடு முரண்படுவது சங்கடம்தான். ஆனால் அந்தக் கட்டடம் எழும்பிவிட்டால் உங்கள் ஆறு மாதமும் அதை நிரப்புவதிலும் நடத்துவதிலுமே கரைந்துவிடும்.

முகாமில் குடும்பம் அரைவயிறாகக் கிடக்கும்போது, இல்லத்தில் மூன்று வேளைச் சாப்பாடும் படிப்பும் மருந்தும் கிடைக்கிறது என்று தெரிந்தால், பெற்ற தாயே பிள்ளையைக் கூட்டிவந்து ‘அநாதை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையாவது பிழைக்கட்டும் என்றுதான் செய்கிறாள். இப்படித்தான் பிரிந்த குழந்தைகளுக்காகத் திறந்த இல்லம், பிரிந்த குழந்தைகளை உருவாக்கத் தொடங்குகிறது. ‘அநாதை’ என்ற சொல்லை எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பதற்கு 2007-இல் சாட் நாட்டில் நடந்ததே போதும். சூடானின் தார்ஃபூர் பகுதி அநாதைகள் என்று சொல்லி 103 குழந்தைகளைப் பிரான்ஸுக்கு விமானத்தில் ஏற்ற முயன்றது ஒரு அமைப்பு. தடுத்து நிறுத்தி விசாரித்தபோது, பெரும்பாலோருக்குப் பெற்றோரோ வளர்க்கும் பெரியவர்களோ இருந்தது தெரியவந்தது. தத்துக்கொடுப்பது பற்றி யாராவது பேச வந்தால் இதை நினைவில் வையுங்கள். நெருக்கடியின் நடுவில், குடும்பத்தைத் தேடும் வேலை முடியாத நிலையில், தத்து என்ற பேச்சுக்கே இடமில்லை.

நிதி தருபவரிடம் வெறும் மறுப்போடு போகாதீர்கள். மாற்றுப் பராமரிப்பு பற்றிய ஐ.நா. வழிகாட்டு நெறிகள் 2009-இல் வந்தவை. சிறு குழந்தைகளை, குறிப்பாக மூன்று வயதுக்குட்பட்டவர்களை, குடும்பச் சூழலில்தான் வைக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. அதே பணத்தை மூன்று வேலைகளுக்குப் பிரித்துக் காட்டுங்கள்: பிள்ளைகளை ஏற்கும் வளர்ப்புக் குடும்பங்களுக்கான உதவி, கேஸ் ஒர்க்கர்களின் (ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகத் தொடர்ந்து கவனிக்கும் பணியாளர்களின்) போக்குவரத்தும் தொலைபேசியும், இரவில் தனியாக வந்து சேரும் பிள்ளை ஓரிரு நாள் தங்க ஐந்தாறு படுக்கை கொண்ட ஒரு சிறு இடம். வளர்ப்புக் குடும்பத்துக்கான உதவியிலும் ஒரு கண்ணி உண்டு. பிள்ளையை ஏற்பவருக்கு மட்டும் பொருள் கொடுத்தால் பிள்ளையை ஏற்பதே ஒரு வருமானமாகிவிடும். அதனால் அந்தப் பகுதியில் கஷ்டப்படும் மற்றக் குடும்பங்களுக்கும் கிடைக்கிற உதவியாக அது இருக்கட்டும்.

அடுத்து, குழந்தைகளைத் தேடிப் போவதற்கு முன் நிவாரண வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். போரிலும் வெள்ளத்திலும் பிரிவது ஒரு பங்கு என்றால், லாரியில் ஏற்றும்போதும் பொருள் வழங்கும்போதும் மருத்துவமனைக்கு அனுப்பும்போதும் பிரிவது இன்னொரு பங்கு. இந்த இரண்டாவது பங்கைத் தடுக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

லாரி நின்றதும் ‘முதலில் குழந்தைகளை ஏற்றுங்கள்’ என்று யாராவது நல்லெண்ணத்தோடு கத்துவார். பிள்ளைகள் ஏறிவிடுவார்கள், இடம் நிரம்பிவிடும், அம்மா அடுத்த வண்டியில் வேறு முகாமுக்குப் போவாள். குடும்பம் குடும்பமாக ஏற்ற வேண்டும், ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் தலை எண்ண வேண்டும். இதைப் போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். சுற்றறிக்கையை யாரும் படிக்கமாட்டார்கள். நோயாளிப் பிள்ளையை வெளியே அனுப்பினால் உறவினர் ஒருவர் கூடவே போக வேண்டும். தாயை அனுப்பினால் மற்றப் பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். எந்த மருத்துவமனை, எந்த எண் என்ற சீட்டு குடும்பத்திடம் ஒன்று, உங்கள் அலுவலகத்தில் ஒன்று. பொருள் வழங்கும் நாளில் வரிசை நான்கு மணி நேரம் நீளும் என்றால், வரிசைக்குப் பக்கத்திலேயே சிறுவர்களுக்கு நிழலும் தண்ணீரும், எப்போதும் இரண்டு பெரியவர்களின் மேற்பார்வையும் வேண்டும்.

பிள்ளை தொலைந்துவிட்டால் ஒலிபெருக்கியில் பெயரையும் சட்டை நிறத்தையும் சொல்லாதீர்கள். ‘நான்கு வயதிருக்கும் ஒரு பையன் எங்களிடம் இருக்கிறான்’ என்பதோடு நிறுத்துங்கள். பெயர், உடை, அங்க அடையாளம் எல்லாம் தேடி வருபவர் வாயிலிருந்து வர வேண்டும். எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிட்டால், கடத்த வருபவன் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போவான். கையில் கட்டும் அடையாளப் பட்டைக்கும் இதே கணக்கு: பெயர் வெளியே தெரியும்படி இருந்தால், பெயர் சொல்லிக் கூப்பிடும் எவனும் பிள்ளைக்குத் தெரிந்தவனாகிவிடுவான்.

இனி, யாரைத் தேடுவது? பெற்றோரும் உறவினரும் இல்லாமல், சட்டப்படியோ வழக்கப்படியோ பொறுப்பான பெரியவர் எவரும் பார்த்துக்கொள்ளாமல் இருப்பது துணையற்ற பிள்ளை. பெற்றோரையோ வழக்கமாக வளர்த்தவரையோ பிரிந்து, அத்தை, மாமா என்று வேறொரு உறவினரோடு இருப்பது பிரிந்த பிள்ளை. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் பட்டியலே பயனற்றுப் போகும். முதல்வகைப் பிள்ளை எல்லோர் கண்ணிலும் படும். இரண்டாவது கண்ணில் படாது. ‘சித்தி’ வீட்டில் விடியற்காலையில் தண்ணீர் சுமந்து, சமைத்து, பள்ளிக்கே போகாமல் இருக்கும் பதிமூன்று வயதுப் பெண்ணைப் பதிவு மேசையில் காண முடியாது. தண்ணீர்க் குழாயடியில் காணலாம். பதினாறு வயதுப் பையன் வேலைக்காகவோ தடையில்லாமல் மேற்கொண்டு பயணம் போகவோ தன் வயது பத்தொன்பது என்பான். வயதில் சந்தேகம் வந்தால் குழந்தை என்றே நடத்துங்கள். மணிக்கட்டு எக்ஸ்ரே துல்லியமாக வயது சொல்லாது. எல்லைக் காவலில் பிள்ளைகளை அடைத்து வைத்திருந்தால், குடியேற்ற நிலைக்காகக் குழந்தையை அடைப்பது ஒருபோதும் அதன் நலனாகாது என்று ஐ.நா. குழுக்கள் 2017-இல் கூட்டாகச் சொன்னதை எடுத்துக்காட்டி வாதாடலாம்.

முதல் நேர்காணலில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளையிடம் ‘உன் அப்பா பெயர் என்ன?’ என்றால் ‘அப்பா’ என்றுதான் சொல்லும். ‘வீடு எங்கே?’ என்றால் ‘அங்கே.’ பிள்ளையிடம் போவதற்கு முன் அதைக் கூட்டிவந்தவரைப் பிடித்து உட்கார வையுங்கள்: எங்கே, எந்த நாள், யாரிடமிருந்து, அப்போது கூட யார் இருந்தார்கள், உங்கள் எண் என்ன. அவர் போய்விட்டால் நூல் அறுந்துவிடும். கண்டெடுத்தபோது போட்டிருந்த உடையைத் துவைப்பதற்கோ மாற்றுவதற்கோ முன் படம் எடுங்கள்; உடையை எறியாமல் பையில் போட்டு வையுங்கள். ஒரு தாய்க்குத் தன் கையால் தைத்த பொத்தான் தெரியும். பிறகு பிள்ளையிடம்: வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள், யாரோடு படுத்துத் தூங்குவாய், வாசலில் நின்றால் என்ன தெரியும், அம்மா காலையில் எங்கே போவாள், என்ன பாட்டுப் பாடுவாள். வரையச் சொல்லலாம். அந்த மொழியின் வட்டார வழக்கு தெரிந்தவர் கூட இருந்தால், ஒரு சொல்லே ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். சின்னப் பிள்ளை சில வாரங்களில் மறந்துவிடும் என்பதால், ஐந்து வயதுக்குட்பட்டவர்களை வரிசையில் முதலில் எடுங்கள். ‘பெற்றோர் இறந்துவிட்டனர்’ என்று மட்டும் எழுதாதீர்கள். யார் சொன்னது, அவர் கண்ணால் பார்த்தாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நடந்த கொடுமையை மீண்டும் மீண்டும் சொல்ல வைக்க வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகள் பழகிய முகம், நேரத்துக்கு உணவு, விளையாட்டு, பள்ளி இவற்றாலேயே தேறிவிடுவார்கள். வாரக்கணக்கில் தூங்காமல், பேசாமல், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் சிலருக்குத்தான் மனநல மருத்துவம் தேவைப்படும்.

பாலியல் வன்முறை என்றால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். படிவம் நிரப்பும் வேலை அதற்குப் பிறகு. எந்த மருத்துவமனையில் அந்த மருந்து இருக்கிறது, இரவில் யார் திறப்பார், வண்டி யார் தருவார் என்பதை முதல் வாரமே நேரில் போய்ப் பார்த்து, ஒரே தாளில் எழுதி எல்லோரிடமும் கொடுங்கள். பல முகாம்களில் இந்தத் தாள் இருக்கும். எண்ணை அழைத்தால் எடுக்க ஆள் இருக்காது. மாதம் ஒருமுறை நீங்களே அழைத்துப் பாருங்கள்.

கோப்புகளில் குறியீட்டு எண் மட்டும் இருக்கட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறு பூட்டில். உங்கள் குழுவிலேயே மிகப் பெரிய கசிவு வாட்ஸ்அப் வழியாகத்தான் வரும். ‘இந்தப் பிள்ளையை யாருக்காவது தெரியுமா?’ என்று படத்தோடு ஒரு செய்தி போனால் மாலைக்குள் நாட்டைச் சுற்றிவிடும். முதல் நாளே தடை போடுங்கள். எல்லை கடந்து வந்த பிள்ளைக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. குடும்பத்தைத் தேடுகிறோம் என்று சொந்த நாட்டுத் தூதரகத்தையோ அதிகாரிகளையோ அணுகிவிடாதீர்கள். அந்தக் குடும்பம் ஓடிவந்ததே அவர்களுக்குப் பயந்துதான் என்றால், ஊரில் மிஞ்சியிருப்பவர்களை நீங்களே காட்டிக்கொடுத்ததாகிவிடும். எல்லை தாண்டிய தேடலைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வலையமைப்பிடம் விடுங்கள். பொதுவாக, எல்லை கடந்தவர்கள் விஷயத்தில் ஐ.நா. அகதிகள் முகமையையும், உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் விஷயத்தில் யுனிசெஃப் வழிநடத்தும் ஒருங்கிணைப்புக் கூட்டத்தையும் பிடிக்க வேண்டும். உங்கள் முகாமில் இருவரும் கலந்திருப்பதால் இரண்டு கூட்டத்துக்கும் ஆள் போக வேண்டும். அலுப்பான வேலை, தப்ப முடியாது.

உங்கள் 12 பேரைப் பற்றி. மனிதாபிமானப் பணிகளில் குழந்தைகள் பாதுகாப்புக்கான குறைந்தபட்சத் தரங்கள் 2012-இல் வந்து 2019-இல் திருத்தப்பட்டவை. ஒரு கேஸ் ஒர்க்கருக்கு 25 பிள்ளைகளுக்கு மேல் கூடாது, ஐந்தாறு கேஸ் ஒர்க்கருக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும் என்பது அதில் உள்ள கணக்கு. எட்டுப் பேரைக் கேஸ் வேலைக்கு விடுங்கள், இருவர் மேற்பார்வை, ஒருவர் தகவல் பதிவு, ஒருவர் தேடல். அப்படியானால் ஒரே நேரத்தில் 200 கோப்புகள். முந்நூறு வந்தால் ஆளுக்குக் கிட்டத்தட்ட நாற்பது என்று பங்கு போடாதீர்கள். அப்படிப் போட்டால் கோப்பு இருக்கும், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது நின்றுவிடும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்துள்ளவரை அன்றே பாருங்கள், அடுத்த நிலையினரை மூன்று நாளுக்குள். பாதுகாப்பான உறவினரோடு இருப்பவர்களைத் தனிக் கோப்பு இல்லாமல் பகுதித் தன்னார்வலர்களின் கண்காணிப்பில் விடலாம். மேற்பார்வையாளர் வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார வேண்டும். கேஸ் ஒர்க்கர் அழுதால் அதற்கும் அந்த நேரத்தில் இடமுண்டு.

ஆள் எடுக்கும்போது முந்தைய நிறுவனத்தைக் கட்டாயம் விசாரியுங்கள். பிள்ளைகளிடம் வர விரும்புகிறவர்களில் எல்லோரும் நல்லவர்கள் இல்லை. 18 வயதுக்குட்பட்டவரோடு பாலுறவு, உள்ளூர்ச் சட்டம் என்ன சொன்னாலும், நிவாரணப் பணியாளருக்குத் தடை. ‘வயது தெரியவில்லை’ என்ற சாக்கு செல்லாது. ஐ.நா. 2003-இல் வகுத்த விதி இது. ஓட்டுநர், காவலாளி, சமையல்காரர் உட்பட எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். புகார் எங்கே சொல்வது என்று பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும்.

வளர்ப்புக் குடும்பத்தில் விட்ட பிள்ளையை முதல் வாரத்திலேயே பாருங்கள், முதல் மாதம் வாரந்தோறும். சொல்லாமலும் போங்கள், பிள்ளையோடு தனியாகப் பேசுங்கள், அது எங்கே படுக்கிறது, வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போது இது என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஏற்பாடு சரிதானா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது முழுதாக மறுபரிசீலனை செய்ய வேண்டும். உடன்பிறந்தவர்களை எக்காரணம் கொண்டும் பிரிக்க வேண்டாம். நான்கு பேரையும் ஏற்க வீடு இல்லையென்றால், மூத்தது பதினாறு பதினேழாக இருக்கும் பட்சத்தில், பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரின் பொறுப்பில் நால்வரும் ஒன்றாக இருப்பதே மேல்.

குடும்பம் கிடைத்துவிட்டது என்றதும் வண்டி எடுக்காதீர்கள். பிள்ளையிடம் தனியாக, வருகிறவரிடம் தனியாக ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிடுங்கள். பிள்ளை போக விரும்புகிறதா என்று கேளுங்கள். விரும்பவில்லை என்றால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. வீட்டில் அடி உதை இருந்திருக்கலாம். கடனுக்காக வேலைக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். கட்டாயத் திருமணம் காத்திருக்கலாம்.

ஆறு மாதப் பணம் என்பதை மறக்காமல், நான்காம் மாதமே ஒப்படைப்பைத் தொடங்குங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பையும் யார் எடுத்துக்கொள்வார் என்று அரசின் சமூகநலத் துறையோடும் பிற அமைப்புகளோடும் பெயர் பெயராக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பிள்ளையின் சம்மதத்தோடு, புதிய கேஸ் ஒர்க்கரைப் பழையவரே வீட்டுக்குக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்தட்டும். நிதி நீடிக்கும் என்று கடைசி வாரம்வரை காத்திருந்தால், மிஞ்சுவது ஒரு அலமாரிக் கோப்புகளும், யாரும் எடுக்காத ஒரு தொலைபேசி எண்ணும்.