பேய்ப் பொம்மை செய்பவரிடம் சில கேள்விகள்

பதினோரு வருடமாக எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காகிதக்கூழில் பேயும் எலும்புக்கூடும் செய்துகொண்டிருக்கிறேன். யாரிடமும் போய்க் கற்றதில்லை. முதல் மூன்று வருடம் செய்ததில் பாதி பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போனது. இதுவரை வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, பொம்மை காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கிறது. என்ன தப்பு?

கூழில் தண்ணீர் அதிகம். செய்தித்தாளை நகத்தளவு கிழித்து ஒரு ராத்திரி ஊறப்போட்டு, அரை மணி நேரம் கொதிக்கவிட்டு அரையுங்கள். (சமையல் மிக்சி வேண்டாம், பழையது ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள்.) துணியில் கட்டி, பால் எடுத்த தேங்காய்ச் சக்கை மாதிரி ஆகும்வரை பிழிய வேண்டும். அப்புறம்தான் மைதாப் பசையும் சாக்பீஸ் தூளும். இன்னொன்று, கூழ் காயும்போது சுருங்கும், உள்ளே இருக்கும் கட்டுக்கம்பி சுருங்காது. அதனால் கம்பிமேல் முதலில் காகிதப் பட்டையைச் சுற்றிவிட்டு, கூழை அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பூசி, நிழலில் காயவிடுங்கள். ஆடிக் காற்று இதற்கு வரப்பிரசாதம். ஐப்பசியில் தொடங்கவே தொடங்காதீர்கள்.

பூச்சி அரிக்காமல் இருக்க?

பசையில் வெந்தயத் தூள். மயில்துத்தம் போடுகிறவர்களும் உண்டு. அது விஷம், குழந்தைகள் நடமாடும் வீட்டில் நான் தொடுவதில்லை.

தப்பாக நினைக்காதீர்கள், இது ஹாலோவீனைப் பார்த்து வந்த மோகம்தானே?

பலரும் கேட்டாயிற்று. கலிங்கத்துப்பரணி ஏறக்குறைய 900 வருடம் பழையது. அதில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. சும்மா இல்லை, அதற்குமுன் செத்த யானையின் தந்தத்தால் பல் விளக்கி, அதன் விலா எலும்பால் நாக்கு வழித்துக்கொள்கின்றன! பிணக்காட்டில் பல் துலக்கும் பேயைவிடக் குறும்பான காட்சியை நான் எங்கே போய்த் தேடுவது? காரைக்கால் அம்மையார் அழகை உதறிப் பேயுரு கேட்டு வாங்கியவர். கங்கைகொண்டசோழபுரத்தில் ஆடும் நடராசர் அருகே எலும்பும் தோலுமாக உட்கார்ந்து தாளம் போடுகிறாரே, அந்த உருவத்தைப் பார்த்துத்தான் விலா எலும்பு வைக்கப் பழகினேன்.

என் பொம்மை பயமுறுத்துகிறது, சிரிப்பு வரவில்லை.

அதற்கு ஒரு வேலை கொடுங்கள். பேய் சும்மா நின்றால் பேய்தான். ரேஷன் பையோடு வரிசையில் நின்றால் நம்மில் ஒருவர். என் முதல் பொம்மையின் வாயில் சிவப்புப் பெயிண்டை ஒழுகவிட்டேன், பார்த்த குழந்தை வீறிட்டு அழுதது. அன்றோடு ரத்தம் நின்றது. கண்ணும் முக்கியம். திருஷ்டிப் பூசணியில் கண்ணைப் பிதுக்கி வரைவது மிரட்டுவதற்காக. நீங்கள் இமையைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு பல்லைக் குறைத்துப் பாருங்கள். தலைக்குப் பனங்கொட்டை அருமை, நார் தாடியாகிவிடும்.

ஓவியப் பள்ளிக்குப் போகாமல் இதில் நிலைக்க முடியுமா, மேடம்?

இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கம் பிராம்பர் என்ற ஊரில் வால்ட்டர் பாட்டர் என்று ஒருவர் இருந்தார். செத்த விலங்குகளின் உடலைக் கெடாமல் பாடம் செய்யத் தானாகவே கற்றுக்கொண்டு, 1861 முதல் காட்சிக்கு வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து எழுதும் முயல்கள், கல்யாணம் செய்துகொள்ளும் பூனைக்குட்டிகள். உடல்வாகு சரியில்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் குறை சொன்னார்கள், கூட்டம் என்னவோ வந்துகொண்டே இருந்தது. செத்த பூனைக்குட்டி எனக்கு ஒப்பாது, அது வேறு.

நிஜ எலும்பு சேர்க்கலாமா?

சாப்பிட்டு மிஞ்சிய கோழி எலும்பு போதும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் போடுங்கள். பிளீச்சிங் வேண்டாம், எலும்பே உதிரும். காட்டில் தானாக விழுந்த மான் கொம்பானாலும் தொடாதீர்கள், 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

பேயை வீட்டில் வைத்தால் ஆகாது என்கிறார் மாமியார்.

வாதாடாதீர்கள், அவரையே ஒரு பொம்மைக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். என் அம்மா இரண்டு வருடம் மாடிப்படி ஏறவில்லை. இப்போது எலும்புக்கூடுகளுக்குப் புடவை கட்டுவது அவர்தான். "இடுப்புல சதையே இல்லடி, கொசுவம் எங்க நிக்கும்?" என்று என்னைத்தான் திட்டுகிறார்.