ஆய்வுக்கூடக் கேள்வி பதில்: இரண்டாவது குப்பியில் இரண்டு பேண்ட்

கேள்வி: புற்றுநோயைத் தடுக்கும் மனித பி53 புரதத்தைக் கண்டறிய, அதில் ஒட்டிக்கொள்ளும் முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடி வாங்கினோம். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்களில் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) செய்தபோது, எதிர்பார்த்த எடையான 53 கிலோடால்டன் அருகே ஒரே பேண்ட் (பட்டை). குப்பி தீர்ந்ததும் அதே கேட்டலாக் எண்ணில் இன்னொன்று வாங்கினோம். இதில் 70 அருகேயும் ஒரு பேண்ட் வருகிறது. கம்பெனி ஏமாற்றிவிட்டதா? - ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் இரண்டு குப்பிகளிலும் லாட் எண்ணை, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று சொல்லும் எண்ணை, பாருங்கள். அது வேறு என்றால் முயலும் வேறாக இருக்கலாம். ஒரு முயலின் பி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் பல பி53-இன் வெவ்வேறு இடங்களைக் குறிவைத்துச் செய்த ஆன்டிபாடிகளின் கலவைதான் பாலிகுளோனல். ஓர் இடம் சிதைந்தாலும் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது அதன் பலம். அடுத்த முயல் அதே கலவையைத் தராது என்பது பலவீனம்.

சரி, உங்கள் சந்தேகம் 70 பேண்டின் மேல். எனக்கோ 53 பேண்டின் மேலும்தான்! சரியான எடையில் ஒரே பேண்ட் வந்தால் அது பி53 என்று யார் சொன்னது? ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் பீட்டா என்ற வேறொரு புரதத்துக்கான 13 ஆன்டிபாடிகளை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். தேறியது ஒன்றே ஒன்று. அதற்குள் மற்றவற்றை நம்பி எத்தனை பேர் கட்டுரை எழுதிவிட்டார்களோ.

எச்1299 என்ற நுரையீரல் புற்றுச் செல்களில் பி53 கிடையாது. அதையும், எம்சிஎஃப்-7-ஐயும், பி53-ஐக் கூட்டும் டாக்ஸோரூபிசின் மருந்து கொடுத்த எம்சிஎஃப்-7-ஐயும் ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். 53 பேண்ட் முதலாவதில் காணாமல் போய், மூன்றாவதில் தடித்து வந்தால் அது பி53தான். 70 மூன்றிலும் நின்றால் அது வேறு ஏதோ புரதம். பி53 ஆன்டிபாடியே போடாமல், செகண்டரியை (முயல் ஆன்டிபாடியில் ஒட்டி அதைத் தெரியவைக்கும் இரண்டாவது ஆன்டிபாடி) மட்டும் வைத்து ஒரு பிளாட்டும் செய்துவிடுங்கள்; அதிலும் 70 வந்தால் குற்றம் செகண்டரியின் மேல். ஆன்டிபாடியில் முன்கூட்டியே ஒட்டி அதை அடைத்துவிடும் பிளாக்கிங் பெப்டைடு என்ற புரதத் துண்டை வாங்கச் சொல்வார்கள், பணத்தை வீணாக்காதீர்கள். வேறு புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடியும் அந்தப் பெப்டைடில் ஒட்டக்கூடியதுதானே! இரண்டு பேண்டும் சேர்ந்தே மறைந்தால் என்ன தெரிந்துகொள்வீர்கள்?

70 வேறு புரதம் என்று தெரிந்தாலும் குப்பியைத் தூக்கிப் போட வேண்டாம். பிளாட்டில் இரண்டும் தனித்தனியாக நிற்பதால் 53-ஐ மட்டும் அளக்கலாம். ஆனால் செல்லுக்குள் புரதத்தை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கு இந்த லாட்டைத் தொடாதீர்கள். மைக்ராஸ்கோப்பில் எடை தெரியாது, எல்லாம் ஒரே வெளிச்சம்தான். அடுத்த முறை ஆர்டர் போடும்போது லாட் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். வேலை செய்யும் லாட் கையிருப்பில் இருந்தால் ஆய்வு முடியும்வரை தேவையானதை மொத்தமாக வாங்கிவிடலாம்.

கேள்வி: இதற்காக முயலைக் கொன்றுவிடுவார்களா? - வாசகர், கோவை

பதில்: சில வாரங்களுக்கு ஒருமுறை அந்தப் புரதத்தை ஊசியில் செலுத்தி, காது ரத்தக்குழாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் எடுப்பார்கள். கடைசியாக மொத்த ரத்தத்தையும் எடுப்பது பல இடங்களில் வழக்கம், அதோடு முயலின் கதை முடிந்துவிடும். விலங்கே இல்லாமல் ஆன்டிபாடி செய்யும் முறைக்கு மாறும்படி ஐரோப்பிய ஒன்றியத்தின் மாற்றுச் சோதனை மையம் 2020-இல் பரிந்துரைத்தது.