அல்ஜியர்ஸில் ஒரு கனத்த பெட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து பள்ளிகளில் ‘மந்திரமா தந்திரமா’ நிகழ்ச்சி நடத்துகிறோம். விபூதி வரவழைப்பது, நாக்கில் சூடம் ஏற்றுவது போன்றவற்றைச் செய்துகாட்டி, எப்படிச் செய்தோம் என்பதையும் சொல்லிவிடுவோம். சென்ற மாதக் கூட்டத்தில் நண்பர் ஒருவர், “நீங்கள் செய்வது வெள்ளைக்காரன் செய்த வேலைதான். பிரெஞ்சுக்காரர்கள் அல்ஜீரியாவுக்கு ஒரு மேஜிக்காரரை அனுப்பி, அங்கிருந்த மக்களை மூடர்கள் என்று நிரூபித்தார்கள். அதன் தொடர்ச்சிதான் இது” என்றார். தேடிப் பார்த்தேன், ராபர்ட் ஹூடின் என்ற பெயர் கிடைத்தது. எனக்கென்னவோ அவர் மூடநம்பிக்கையை எதிர்த்த முன்னோடியாகத்தான் தெரிகிறார். சாமியார்களின் வித்தைகளை அம்பலப்படுத்திய கோவூர், பிரேமானந்த் வரிசையில் அவரையும் வைக்கலாம் அல்லவா? அவருடைய காந்தப் பெட்டி வித்தையை எங்கள் நிகழ்ச்சியில் சேர்க்கும் எண்ணமும் இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

க., பெரம்பலூர்

அன்புள்ள க.,

அந்த வரிசையில் அவரை வைக்க முடியாது. உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. அந்தப் பாதியும் ஹூடினுக்குத்தான் பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. ஏன் என்று சொல்ல அந்தக் கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

ஹூடின் அடிப்படையில் கடிகாரம் செய்பவர். பிரான்ஸில் புளுவா என்ற ஊரில் 1805-ல் பிறந்தவர். சந்தையிலும் தெருவிலும் நடந்துகொண்டிருந்த வித்தையை மாலைநேர கோட்டு சூட்டோடு பாரிஸ் அரங்குக்குக் கொண்டுவந்து பெரும்புகழ் பெற்றார். (பின்னால் அமெரிக்காவில் கலக்கிய ஹூடினி இவர் பெயரைப் பார்த்துத்தான் தன் பெயரை வைத்துக்கொண்டார். இருவரையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.) ஓய்வுபெற்று ஊரோடு இருந்தவரை 1856-ல் பிரெஞ்சு அரசு அல்ஜீரியாவுக்கு அழைத்தது. அங்கே மராபூக்கள் என்ற சூஃபி மரபுப் பெரியவர்களுக்கு மக்களிடம் செல்வாக்கு இருந்தது. துப்பாக்கிக் குண்டு எங்களைத் துளைக்காது என்று சொல்லிக் கலகத்துக்கு ஆள் திரட்டுகிறார்கள் என்பது ராணுவத்தின் புகார். அவர்களைவிடப் பெரிய அற்புதத்தை ஒரு பிரெஞ்சுக்காரன் செய்துகாட்டிவிட்டால் அவர்கள் மவுசு போய்விடும் என்பது கணக்கு.

1856 அக்டோபர் கடைசியில் அல்ஜியர்ஸ் அரங்கில் அரபுத் தலைவர்களை உட்கார வைத்து நிகழ்ச்சி நடந்தது. நீங்கள் கேட்கும் பெட்டி வித்தை அங்கே நடந்ததுதான். அடியில் இரும்புத்தகடு வைத்த சின்னப் பெட்டி. மேடைப் பலகைக்குக் கீழே மின்காந்தம். மறைவில் ஓர் ஆள் மின்சாரத்தைக் கொடுத்தால் பெட்டி தரையோடு ஒட்டிக்கொள்ளும். பாரிஸில் இதை வேடிக்கையாகத்தான் காட்டினார்: சொன்னால் கனக்கும் பெட்டி, திருடனால் தூக்க முடியாது, அவ்வளவுதான். அல்ஜியர்ஸில் வசனத்தை மாற்றினார். கட்டுமஸ்தான ஒருவரை மேடைக்கு அழைத்துப் பெட்டியைத் தூக்கச் சொன்னார். அவர் ஒரு கையால் அலட்சியமாகத் தூக்கிவிட்டு, “இவ்வளவுதானா?” என்றார். ஹூடின் அவரை நோக்கிக் கையை நீட்டி, “இப்போது நீ ஒரு பெண்ணைவிடப் பலவீனமானவன். தூக்கிப் பார்” என்றார். மனிதர் இழுக்கிறார், முக்குகிறார், பெட்டி அசையவில்லை. அதோடு விட்டாரா? பெட்டியின் கைப்பிடி வழியாக மின்சார அதிர்ச்சி கொடுக்கவும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஷாக் அடித்ததும் அவர் அலறி, முழங்கால் மடங்கி விழுந்து, எழுந்து, மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்.

இதில் பகுத்தறிவு எங்கே வருகிறது? உன் பலத்தை என் சக்தியால் உறிஞ்சிவிட்டேன் என்று சொல்லி, அதை நம்ப வைக்கக் கரண்டும் கொடுத்தார். அதை ஒருவர் நம்பினால் அவர் மூடர் என்று எழுதிக்கொண்டார்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். நிகழ்ச்சிகள் முடிந்து உள்நாட்டுக்குப் பயணம் போகிறார். ஒரு தலைவரின் வீட்டில் ஒரு மராபூ எழுந்து சவால் விடுகிறார்: அரங்கில் உன்னை நோக்கிச் சுட்ட குண்டைப் பிடித்தாயே, இதோ என் துப்பாக்கி, இப்போது பிடி. ஹூடினிடம் கருவிகள் ஏதும் இல்லை. என்ன சொல்லிச் சமாளித்தார் தெரியுமா? என்னுடைய தாயத்தை அல்ஜியர்ஸில் விட்டுவிட்டு வந்துவிட்டேன், ஆனாலும் ஆறு மணி நேரம் பிரார்த்தனை செய்தால் குண்டு என்னைத் தொடாது, காலையில் வாருங்கள் என்றார். இரவெல்லாம் அறையில் உட்கார்ந்து மெழுகுவர்த்தியை உருக்கி உள்ளே குடைவான குண்டு செய்தார், கரியைக் கலந்து ஈயம்போல் ஆக்கினார். இன்னொரு மெழுகுக் குண்டுக்குள் தன் கட்டைவிரலைக் கீறி எடுத்த ரத்தத்தை அடைத்தார். காலையில் மராபூ சுட்ட குண்டைப் பல்லில் கடித்துக் காட்டினார். அடுத்த குண்டை ஹூடினே சுவரை நோக்கிச் சுட, வெள்ளைச் சுவரில் ரத்தம் தெறித்தது. மராபூ அதைத் தொட்டுப் பார்த்தார் என்று எழுதுகிறார்.

தாயத்து, பிரார்த்தனை, ரத்தம். மூடநம்பிக்கையை ஒழிக்க வந்தவரின் சாமான்கள் இவை.

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சிகளுக்குப் பிறகு, இது சூனியம் இல்லை, கைத்திறன்தான் என்று மக்களிடம் விளக்கும்படி மொழிபெயர்ப்பாளர்களுக்கு உத்தரவு போனதாகவும் அவரே சொல்கிறார். ஆனால் யோசித்துப் பாருங்கள், முதலில் நடுங்க வைத்துவிட்டு அப்புறம் அது ஒன்றுமில்லை என்றால் எதை நம்புவது? இன்னொன்று: பார்வையாளர்கள் அலறியடித்து ஓடினார்கள் என்பதற்கு நாம் அதிகம் நம்பியிருக்கும் சாட்சி அவர் எழுதிய தன்வரலாறு. மேடைக்காரர் தன் கைதட்டலைப் பற்றி எழுதியதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். அதே அரபுத் தலைவர்கள் அவருக்கு அலங்கார எழுத்தில் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அதில் அவர்கள் புகழ்வது அவருடைய கலைத்திறமையை. வந்தது தேர்ந்த வித்தைக்காரர் என்று புரிந்துகொண்டவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, பாரிஸில் நிலைமை என்ன? அல்ஜியர்ஸ் நிகழ்ச்சி முடிந்து சில மாதங்களில், 1857-ன் தொடக்கத்தில், பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தன் அரண்மனையில் டேனியல் ஹோம் என்ற ஆவி ஊடகரை வரவழைத்து மேசை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹூடினே 1847-ல் அலெக்சி திதியே என்ற ஞானதிருஷ்டிக்காரரைச் சோதிக்கப் போய், தான் கொண்டுபோன சீட்டுக்கட்டையே அவர் பார்க்காமல் சொன்னதைக் கண்டு, இது எங்கள் தொழில் வித்தை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் இதற்காக யாரும் பிரெஞ்சுக்காரர்களின் மூளை இன்னும் வளரவில்லை என்று எழுதவில்லை. அல்ஜீரியர்களைப் பற்றி எழுதினார்கள். டைலர் போன்ற ஆரம்பகால மானுடவியலாளர்கள் மாந்திரீகத்தை மனித குலத்தின் குழந்தைப் பருவமாக வைத்து ஏணி கட்டியது 1871-ல். அந்த ஏணியின் மேல்படியில் யார் என்பது அதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1830-களின் தொடக்கத்தில் ஆங்கில இதழ்கள் சென்னையில் ஒரு பிராமணர் அந்தரத்தில் அமர்கிறார் என்று வியந்து எழுதின. மான்தோல் சுற்றிய தண்டின்மேல் ஒரு கை மட்டும் லேசாகப் பட்டிருக்கும், அவ்வளவுதான். போர்வையை மறைத்துப் பிடித்துத்தான் அவர் ஏறுவார், இறங்குவார். தண்டுக்குள்ளிருந்து ஆடைக்குள் போகும் இரும்புச் சட்டம்தான் சூட்சுமம். இதே உத்தியில்தான் ஹூடின் 1847-ல் தன் மகனை ஒரு கோல்மீது முழங்கையை ஊன்றிப் படுத்த நிலையில் மிதக்க வைத்தார். அப்போது ஐரோப்பா முழுக்க ஈதர் மயக்கமருந்துப் பேச்சு. ஈதரை முகர்ந்தால் உடல் எடையிழக்கும் என்று கதை விட்டு, வாசனை வருவதற்காகத் திரைக்குப் பின்னால் நிஜமாகவே ஈதரைக் காய வைத்தார். பிள்ளைக்கு ஆபத்து என்று பதறிக் கடிதம் எழுதியவர்கள் பாரிஸ் நாகரிகர்கள்! சென்னையில் யோகம், பாரிஸில் வேதியியல், அல்ஜீரியாவில் தாயத்து. கூட்டம் எதை மதிக்கிறதோ அதைப் போர்த்திக்கொள்வது மேடைக்காரரின் வழக்கம்.

மந்திரம் பலித்ததா என்றால், அடுத்த ஆண்டே, 1857-ல், ரான்தோன் என்ற தளபதியின் தலைமையில் பிரெஞ்சுப் பெரும்படை அல்ஜீரியாவின் கபீலியா மலைக்குள் புகுந்துதான் அந்தப் பகுதியைப் பிடித்தது. எதிர்த்து நின்ற லல்லா ஃபாத்மாவைச் சிறைப்பிடித்தார்கள். அதற்கு முன்பே, 1845-ல் தஹ்ரா குகையில் ஒளிந்திருந்த நூற்றுக்கணக்கானவர்களைப் புகைபோட்டுக் கொன்றிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் அம்மக்களுக்கு இருந்த பயம் மூடநம்பிக்கையால் வந்ததில்லை.

உங்களுக்கு வருகிறேன். ஹூடின் பெட்டியைத் திறக்கவில்லை, நீங்கள் திறக்கிறீர்கள். அவர் படைக்குப் பின்னால் வந்த விருந்தாளி. நீங்கள் அந்தப் பிள்ளைகளின் ஊர்க்காரர். இலங்கையில் ஆசிரியராக இருந்த கோவூரும் போத்தனூர் பிரேமானந்தும் எளியவர்களை மிரட்டவில்லை, காணிக்கை வாங்கும் பெரிய சாமியார்களிடம் போய்ப் பகிரங்கமாக சவால் விட்டார்கள். இதைக் காலனியம் என்று சொல்லும் உங்கள் நண்பர், அடி யார்மேல் விழுகிறது என்று பார்க்கவில்லை.

ஆனால் உங்களிடமும் எனக்கு ஒரு சின்னச் சண்டை இருக்கிறது. சூட்சுமத்தைச் சொன்னால் நம்பிக்கை உடைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எவான்ஸ்-பிரிச்சார்ட் என்ற மானுடவியலாளர் சூடான் பக்கம் அசாண்டே மக்களிடையே இருந்தபோது, தன் வேலையாளை ஒரு வைத்தியரிடம் தொழில் கற்க அனுப்பினார். நோயாளி உடம்பிலிருந்து பொருளை எடுத்துக்காட்டுவது அந்த வைத்தியம். மருந்துப் பற்றில் முன்பே ஒளித்திருந்த கரித்துண்டை பிரிச்சார்ட் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். வைத்தியர் தடவித் தடவிப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை, குட்டு உடைந்தது. வேலையாள் அதிர்ந்துதான் போனார். ஆனால் அந்த வைத்தியத்தின் மேலிருந்த நம்பிக்கையை விட்டுவிடவில்லை. இந்த ஆள் ஏமாற்றுக்காரர், உண்மையான வைத்தியர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள் என்றுதான் அசாண்டே மக்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தேகம் அவர்களுக்குப் புதிதில்லை. நம் ஊரில் “அவன் ஃபிராடு சாமி, நம்ம சாமியாடி அப்படியில்லை” என்பதைக் கேட்டதில்லையா? உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்த ஒரு பெண் நாளைக்கு நகையை அடகு வைத்துப் பரிகாரம் செய்யாமல் இருந்தால் அதுவே பெரிய காரியம். அவர் குலசாமியைக் கும்பிடுவதை நிறுத்துவார் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கும் வசனங்கள் உங்கள் நிகழ்ச்சியில் இருந்தால் அவற்றை எடுத்துவிடுங்கள்.

பெட்டி வித்தையைத் தாராளமாகச் சேருங்கள். சுருளும் பேட்டரியும் அறிவியல் ஆய்வகத்திலேயே கிடைக்கும். மின்காந்தம் சூடேறும், தொடர்ந்து நிறைய நேரம் ஓட்டாதீர்கள். ஒரு மாணவியைத் தூக்கவிட்டு, தோற்றதும் அவர் கையிலேயே சுவிட்சைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த பலசாலியை அவர் பார்த்துக்கொள்வார். ஷாக் கொடுக்கும் பகுதி மட்டும் வேண்டாம்.

அன்புடன்.