ஒரே இணைப்பில் கேமும் கம்ப்யூட்டரும்: ஸ்பீடு நன்றாக இருந்தும் கேம் ஏன் திணறுகிறது?

வீட்டில் யாராவது கம்ப்யூட்டரிலிருந்து பெரிய ஃபைல் அனுப்பினால் உங்கள் கேம் திணறுகிறது, ஆனால் ஸ்பீடு டெஸ்டில் குறை தெரியவில்லை என்கிறீர்கள். இது பெரும்பாலும் வேகப் பிரச்சினை அல்ல, வரிசைப் பிரச்சினை. கேமுக்குக் கொஞ்சம் டேட்டா போதும், ஆனால் அது உடனே போய்ச் சேர வேண்டும். அப்லோட் பாதை நிரம்பிவிட்டால் கேமின் குட்டி டேட்டாத் துண்டும் (பாக்கெட்) அந்த நீண்ட வரிசையில் காத்துக் கிடக்கும்.

சரி, கோளாறு எங்கே என்று முதலில் பார்த்துவிடுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் ரவுட்டருக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிங் (ஒரு முகவரிக்கு டேட்டா போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) ஓட விடுங்கள். விண்டோஸில் ‘மைனஸ் டி’ (-t) சேர்த்தால்தான் நிற்காமல் ஓடும். இன்னொரு விண்டோவில், வீட்டுக்கு வெளியே இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கும் அதேபோல. அப்புறம் வேண்டுமென்றே ஓர் அப்லோடைத் தொடங்குங்கள்.

ரவுட்டர் பிங்கே 2 மில்லிசெகண்டிலிருந்து 100-க்குத் தாவினால் வைஃபைதான் காரணம். கேம் கருவிக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், அதற்கு ஈடே இல்லை. ரவுட்டர் பிங் அசையாமல் 8.8.8.8 மட்டும் எகிறினால் வரிசைதான். ரவுட்டர் செட்டிங்கில் எஸ்க்யூஎம் (SQM) அல்லது க்யூஓஎஸ் (QoS) என்ற, வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கி, வேக வரம்பை நீங்கள் அளந்ததில் 90 சதவீதமாக வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் ஃபைல் அனுப்பும் பேக்கப் மென்பொருளிலேயே அப்லோட் வேகத்தைக் குறைக்கலாம்.

ரீசெட் பட்டன் பக்கம் மட்டும் போகாதீர்கள், இணைப்புக்கான யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும்.