எல்லாரும் வர, எல்லா உயிரும் தங்க: நகரப் பொதுவெளி பற்றிக் கேள்வி பதில்

நகரப் பொதுவெளிகளை வடிவமைப்பது என் தொழில், லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்பார்கள். பூங்கா, தெருவோரம், பள்ளி வளாகம், ஆற்றங்கரை என்று எதுவாகவும் இருக்கலாம். "எல்லாரும் வரக்கூடிய இடமாகவும் இருக்கணும், பறவையும் பூச்சியும் தங்கணும், ரெண்டும் ஒரே இடத்துல நடக்குமா" என்பதைச் சுற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன. நடக்கும். ஆனால் வரைபடம் போடும் முதல் நாளிலேயே இரண்டையும் சேர்த்து யோசித்தால்தான் நடக்கும். எல்லாம் கட்டி முடித்த பிறகு ஒரு மூலையில் சாய்தளமும் இன்னொரு மூலையில் நாலு பூச்செடியும் வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

கேள்வி: லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்றால் செடி நடுபவர் என்று நினைத்திருந்தேன். கட்டடம் எல்லாம் முடிந்த பிறகுதானே உங்களைக் கூப்பிடுவார்கள்?

பதில்: பல இடங்களில் கடைசியில்தான் கூப்பிடுகிறார்கள், பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது. எங்கள் முதல் வேலை மண் மட்டம். நிலம் எங்கே உயர்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, இருக்கிற மரங்களின் வேர் எதுவரை போகிறது என்று பார்த்து மட்டத்தைத் தீர்மானித்துவிட்டால், படிக்கட்டு வேண்டுமா வேண்டாமா என்பது அங்கேயே முடிவாகிவிடும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கு 1858-ல் வடிவம் கொடுத்த ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெடும் கால்வெர்ட் வாக்ஸும், பூங்காவைக் குறுக்கே கடக்கும் சாலைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். வண்டிகள் கீழே போகும், மேலே நடப்பவர்களுக்குப் பூங்கா அறுபடாமல் தொடரும். செடி எதை நடுவது என்ற பேச்சுக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு அது.

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். எங்கள் பூங்காவில் சாய்தளம் இருக்கிறது, ஆனால் தள்ளிவிட ஆள் இல்லாமல் ஏற முடியவில்லை. விதிப்படிதான் கட்டினோம் என்கிறார்கள்.

பதில்: விதிப்படியே இருக்கலாம். ஆனாலும் நீங்கள் சொல்வதுதான் சரி. பல நாட்டு விதிகளில் வரும் 1-க்கு 12 என்ற சரிவு, அதாவது ஒரு அடி உயர 12 அடி நீளம், அதற்கு மேல் செங்குத்தாகப் போகவே கூடாது என்ற எல்லை. அதையே இலக்காக வைத்துக் கட்டிவிடுகிறார்கள். கையால் சக்கரத்தைத் தள்ளுகிறவருக்கு 1-க்கு 12 கடினமான ஏற்றம்தான். 1-க்கு 20 என்று வைத்தால் அது சாய்தளமாகவே தெரியாது, சாதாரணப் பாதையாகிவிடும், குழந்தை வண்டி தள்ளுபவரும் முழங்கால் வலி உள்ள பெரியவரும் அதிலேயே வருவார்கள். 60 செ.மீ. உயர்வுக்கு 7.2 மீட்டருக்குப் பதில் 12 மீட்டர் பாதை வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். பூங்காவில் அந்த இடம் பெரும்பாலும் இருக்கும்.

அதைவிட அதிகம் கவனிக்கப்படாதது பக்கவாட்டுச் சரிவு. தண்ணீர் வடிய வேண்டும் என்று பாதையை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுவார்கள், நாற்காலி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பலகை நடைபாதை என்றால் பலகைகள் நடக்கும் திசைக்குக் குறுக்காகப் போடப்பட்டு, இடைவெளி 13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் மாட்டிக்கொள்ளும். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி நிற்கும் அளவுக்குக் கெட்டித் தரை வேண்டும். இது இல்லாததால் கூட வந்தவர் பெஞ்சில் உட்கார, சக்கர நாற்காலிக்காரர் பாதையை மறித்துக்கொண்டு எதிரே நிற்க வேண்டியிருக்கிறது. பெஞ்சுக்குக் கைப்பிடியும் கேளுங்கள், ஊன்றி எழுவதற்கு.

கேள்வி: பார்வையற்றவர்களுக்கு மஞ்சள் ஓடு பதித்தால் போதுமா?

பதில்: காலாலும் கைத்தடியாலும் உணரும்படி மேடு வைத்த ஓடு அது. போதாது, ஆனால் அதையாவது சரியாகப் பதிக்க வேண்டும். ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாகே 1965-ல் உருவாக்கியது அது, 1967-ல் ஒகாயாமா நகரில் முதலில் பதித்தார்கள். நீளக் கோடு இருந்தால் இந்தத் திசையில் போகலாம், புள்ளிகள் இருந்தால் நில், கவனி. இந்த இரண்டு அர்த்தத்தையும் மாற்றிப் பதித்துவிட்டால் ஓடே இல்லாததைவிட ஆபத்து.

மரம் நடுகிறவர்கள் மறந்துவிடும் இன்னொன்று, தலை மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை. கைத்தடி தரையைத்தான் தொடும், முகத்துக்கு நேரே இருக்கும் கிளையைச் சொல்லாது. பாதைக்கு மேல் 2 மீட்டராவது வெட்டவெளியாக இருக்க வேண்டும். பாதை ஓரம் தடியால் தட்டி உணரும்படி ஒரு சிறு விளிம்பு இருந்தால் பல இடங்களில் ஓடுகூடத் தேவைப்படாது. முக்கியமான திருப்பங்களில் வாசனைச் செடியோ தண்ணீர்ச் சத்தமோ இருந்தால் அதுவே அடையாளம் ஆகும், தேனீக்கும் உதவும்.

கேள்வி: எத்தனை வகைச் செடி வைத்தால் பல்லுயிர்ப் பூங்கா என்று சொல்லலாம்? நர்சரியில் நாற்பது வகை வாங்கினோம், வண்ணத்துப்பூச்சியே வரவில்லை.

பதில்: எண்ணிக்கையை விடுங்கள், அந்த நாற்பதில் எத்தனையின் இலையை உங்கள் பகுதிப் புழுக்கள் தின்னும் என்று பாருங்கள். வண்ணத்துப்பூச்சி தேனுக்காகப் பல பூக்களுக்கும் போகும், முட்டையிடக் குறிப்பிட்ட சில செடிகளைத்தான் தேடும். இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடிக்கிற தோட்டத்தில் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? அமெரிக்கப் பூச்சியியலாளர் டக் டாலமி கணக்கிட்டபடி, கரோலினா சிக்கடீ என்ற சின்னஞ்சிறு பறவை ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட 6,000 முதல் 9,000 கம்பளிப்புழுக்கள் வேண்டும். அவரும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுத் தோட்டங்களில் உள்ளூர்த் தாவரங்களின் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பறவை தன் எண்ணிக்கையைத் தக்கவைக்க முடிவதில்லை என்று தெரிந்தது. உங்கள் ஊர்ப் பறவைக்கு இதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் உள்ளூர்ச் செடி, புழு, குஞ்சு என்ற சங்கிலி எங்கேயும் இருக்கிறது.

அப்புறம், ஒரே மரத்தை வரிசையாக நடாதீர்கள். ஒரு நோய் வந்தால் தெரு முழுக்க மொட்டையாகிவிடும். அமெரிக்க மர ஆய்வாளர் ஃபிராங்க் சாண்டமோர் 1990-ல் சொன்ன அளவு இன்றும் பயன்படுகிறது: ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் 20, ஒரே குடும்பம் 30. புல், செடி, புதர், சிறுமரம், பெருமரம் என்று அடுக்குகளும் வேண்டும். புல்தரைக்கு மேல் நேரடியாகப் பெருமரம் மட்டும் இருந்தால் நடு அடுக்கில் வாழும் பறவைகளுக்கு வீடே இல்லை.

கேள்வி: புதர் என்றாலே எனக்குப் பயம். மாலையில் தனியாக நடக்கும் பெண் நான். புதரை வெட்டுங்கள் என்று நானே மனு கொடுத்திருக்கிறேன். பறவைக்காக நான் பயந்துகொண்டு நடக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்களைப் பயமுறுத்தும் பூங்கா தோற்றுப்போன பூங்காதான், அதில் எத்தனை பறவை இருந்தாலும். ஆனால் இங்கே பெரும்பாலும் புதர் இருக்கும் இடம்தான் தப்பு. பாதையை ஒட்டி இரண்டு, மூன்று மீட்டருக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத செடிகள், மரங்களின் கீழ்க்கிளைகள் ஆள் உயரத்துக்கு மேலே, நடுவில் பார்வை தடையில்லாமல் போக வேண்டும். அடர்ந்த புதரை அதற்கும் பின்னால், யாரும் நடக்காத பக்கத்தில் கொத்தாக வைக்கலாம். பறவைக்கும் அதுதான் பிடிக்கும், நடமாட்டத்தை ஒட்டிய புதரில் அது கூடு கட்டத் தயங்கும். பாதையின் முடிவு தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், திரும்பிப் போக இரண்டாவது வழி இருக்க வேண்டும்.

பயம் மட்டுமே காரணம் என்றும் நினைக்கவில்லை. வியன்னாவில் 1996, 97-ல் நடந்த ஆய்வில், ஒன்பது வயதைத் தாண்டியதும் பூங்காவுக்கு வரும் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை சட்டென்று குறைவதைக் கண்டார்கள். பையன்கள் மைதானத்தை எடுத்துக்கொள்ள, பெண்கள் போட்டி போடாமல் விலகிவிட்டார்கள். 1999-ல் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். பெரிய திறந்த பகுதிகளைச் செடிகளால் சிறு பகுதிகளாகப் பிரித்து, பாதைகளைக் கூட்டி, வாலிபால், பேட்மிண்டன் களங்களைச் சேர்த்தார்கள். பெண் குழந்தைகள் திரும்பி வந்தார்கள். அந்தச் சிறு பகுதிகளைப் பிரித்தது செடிதான் என்பதைக் கவனியுங்கள். பயத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் உயரமும் இடமும்தான். அடுத்த மனுவில் "வெட்டுங்கள்" என்பதற்குப் பதில் "பாதையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளுங்கள்" என்று எழுதிப் பாருங்களேன்.

கேள்வி: மழைத்தோட்டம் அமைக்கலாம் என்றால் கொசு வரும் என்று எல்லாரும் எதிர்க்கிறார்கள்.

பதில்: மழைத்தோட்டம் என்பது மழைநீர் வந்து சேரும் பள்ளமான செடிப்பாத்தி. ஒழுங்காக அமைத்தால் தண்ணீர் ஓரிரு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர, வெப்பமான காலத்திலும் ஒரு வாரம் போல ஆகும். தோண்டுவதற்கு முன் ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று பாருங்கள், களிமண் என்றால் அடியில் மணலும் வடிகுழாயும் வேண்டும். மூடிபோட்ட வடிகாலில் தேங்கும் நீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கொசு அங்கேதான் நிம்மதியாக வளர்கிறது.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவைப் பாருங்கள். நேராக ஓடிய 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கி.மீ. வளைந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். உயிரினங்களைக் கொண்டுவந்து விடாமலே பல்லுயிர் வகைகள் சுமார் 30 சதவீதம் கூடின. வெள்ளம் ஏறினால் எச்சரிக்க விளக்கும் வைத்திருக்கிறார்கள், சைரனும் குரல் அறிவிப்பும் வைத்திருக்கிறார்கள். காது கேளாதவருக்கு ஒன்று, பார்வையற்றவருக்கு மற்றது. நீர் ஓரத்தில் இரண்டும் இருந்தே ஆக வேண்டும்.

கேள்வி: காய்ந்த கட்டை, சருகு எல்லாம் விட்டுவைத்தால் "பராமரிப்பே இல்லை" என்று புகார் வருகிறது. என்ன பதில் சொல்ல?

பதில்: பலகை வைத்து விளக்குவதைவிட ஓரத்தை வெட்டுவது வேகமாக வேலை செய்யும். ஜோன் நசாவர் என்ற லேண்ட்ஸ்கேப் ஆய்வாளர் 1990-களிலிருந்து வலியுறுத்துவது இதுதான்: உள்ளே எவ்வளவு காடாக இருந்தாலும், பாதையோரம் ஒரு முழம் புல்லை நேர்த்தியாக வெட்டி, ஒரு தாழ்வான வேலி போட்டால், யாரோ வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள் என்று மக்களுக்குப் புரிந்துவிடும். எதற்காக விட வேண்டும் என்று கேட்டால், தேனீ இனங்களில் பத்துக்கு ஏழு போல மண்ணுக்குள்தான் கூடு கட்டுகின்றன, எல்லா இடத்திலும் தடிமனாக மூடாக்கு போட்டுவிட்டால் அவை உள்ளே போக வழியில்லை. வெயில் படும் கொஞ்சம் வெற்று மண்ணை விட்டுவையுங்கள். இந்தத் தேனீக்களில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை, ஆளைத் துரத்தாது. பட்ட மரத்தின் அடிமரத்தைப் பாதையிலிருந்து தள்ளிப் படுக்கவைத்தால் போதும்.

கேள்வி: மியாவாக்கி காடு வைக்கலாமா?

பதில்: உள்ளூர் மரக்கன்றுகளை மிக நெருக்கமாக நட்டு வளர்க்கும் சிறு காடு அது. அந்தப் பகுதியின் இயல்பே காடு என்றால் வைக்கலாம். சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்று, முதல் இரண்டு மூன்று வருஷம் தண்ணீரும் களையெடுப்பும். இயல்பில் புல்வெளியாக இருந்த நிலத்தில் வேண்டாம், புல்வெளி உயிர்களை விரட்டிவிடுவீர்கள். உள்ளே யாரும் நுழைய முடியாத அடர்த்தி அது, ஆகவே இருக்கும் ஒரே காலியிடத்தை அதற்கே கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகன் பூங்காவுக்குப் போனதும் காதைப் பொத்திக்கொள்கிறான். ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறோம். இவனுக்காக ஒரு பூங்காவை மாற்றுவார்களா?

பதில்: மாற்ற வேண்டும், கேளுங்கள். விளையாட்டிடத்துக்குப் பக்கத்திலேயே மூன்று பக்கம் செடி சூழ்ந்த, இரண்டு பேர் உட்காரும் ஒரு ஒதுக்கிடம், அங்கிருந்து விளையாட்டு தெரிய வேண்டும், எதிர்ப்பக்கம் வெளியேற வழியும் வேண்டும். குழந்தை அங்கே நின்று பார்த்து, மனசு தயாரானதும் சேர்ந்துகொள்ளும். நுழைவிலேயே படங்களோடு ஒரு வரைபடம் இருந்தால் உள்ளே என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியும். மறதி நோய் உள்ள பெரியவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும். முட்டுச்சந்தில் முடியாமல் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும் பாதை அவர்களுக்கு வேண்டும். தரையில் திடீரென்று கருப்புப் பட்டை போடாதீர்கள், அது பள்ளமாகத் தெரிந்து அங்கேயே நின்றுவிடுவார்கள்.

கேள்வி: காது கேளாதவர்களுக்குப் பூங்காவில் தனியாக என்ன வேண்டும்?

பதில்: அகலம். சைகையில் பேசிக்கொண்டே இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க, ஒருவர் முகமும் கையும் மற்றவருக்குத் தெரிய வேண்டும். வாஷிங்டனில் காது கேளாதோருக்கென உள்ள கேலடெட் பல்கலைக்கழகம் இதற்கென்றே வடிவமைப்பு நெறிகள் வகுத்திருக்கிறது. வட்டமாக, எதிரெதிரே பார்க்கும் இருக்கைகளும் வையுங்கள்.

கேள்வி: இரவு விளக்கு?

பதில்: பாதையில் வேண்டும், மரத்தின் மேல் வேண்டாம். மேலே மூடி, கீழ்நோக்கி மட்டும் விழும் 2,700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) அல்லது அதற்கும் குறைவான மஞ்சள் ஒளி. நீலம் கலந்த வெள்ளை ஒளி பூச்சிகளை இழுத்துச் சாகடிக்கும். எதிரே வருபவரின் முகம் தெரிய வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: நல்ல பூங்கா வந்ததும் வாடகை ஏறி, அதுவரை அங்கே இருந்தவர்கள் வெளியே போக வேண்டியதாகிறது. அப்புறம் யாருக்காக இந்தப் பூங்கா?

பதில்: வந்த கேள்விகளிலேயே கனமானது இது. நியூயார்க்கில் பழைய உயர்மட்ட ரயில் பாதையின் மேல் அமைத்த ஹை லைன் பூங்கா 2009-ல் திறந்த பிறகு சுற்றியுள்ள மனை மதிப்பு எப்படி ஏறியது என்பதை உலகமே பார்த்தது. வடிவமைப்பால் மட்டும் இதைத் தடுக்க முடியாது, ஆனால் வடிவமைப்பாளர் வாய்மூடி இருக்கவும் கூடாது. வாஷிங்டனில் 11-ஆம் தெருப் பாலப் பூங்காத் திட்டத்தில், பூங்கா கட்டத் தொடங்கும் முன்பே, 2015-ல், வீடு, வேலை, சிறு வணிகம் ஆகியவற்றுக்கான திட்டத்தை வெளியிட்டார்கள். நிலத்தைச் சமூகத்தின் பெயரில் வைத்திருக்கும் அறக்கட்டளையும் அதிலிருந்து வந்தது. பூங்கா பற்றிய முதல் கூட்டத்திலேயே வாடகை பற்றிய கேள்வியையும் வையுங்கள். அந்தக் கூட்டம் வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில், படி ஏறாமல் நுழையக்கூடிய இடத்தில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளோடு நடக்கட்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் சின்னத் திறந்தவெளிதான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரு தாளில் மூன்றே கோடு போடுங்கள். எல்லாரும் எந்த உதவியும் இல்லாமல் போய்ச்சேரும் பாதை ஒன்று, அதில் கழிப்பறையும் தண்ணீரும் நிழலில் பெஞ்சும் வந்தாக வேண்டும். மழைநீர் ஓடும் வழி ஒன்று. மனிதர்கள் போகவே போகாத ஒரு துண்டு, அது உயிர்களுக்கு. அந்தத் துண்டு பாதையிலிருந்து பார்க்கத் தெரியும்படி இருக்கட்டும், சக்கர நாற்காலியின் கண் மட்டத்திலிருந்தும் சின்னக் குழந்தையின் கண் மட்டத்திலிருந்தும். செடிப் பட்டியலை அதற்கப்புறம் எடுக்கலாம். வரும் வருஷங்களில் யார் தண்ணீர் ஊற்றுவார், எந்த மாதம் எதை வெட்டக் கூடாது என்பதையும் அதே தாளின் பின்பக்கம் எழுதித் தோட்ட வேலை பார்ப்பவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், அவரையும் கேட்டுவிட்டு.