'ஜேம்ஸ் பனானா' என்று போடலாமா? பழைய ஜப்பானிய வீடியோ கேம்களும் மறைக்கப்பட்ட பெயர்களும்

கேள்வி: ஃபேமிகாம் (நின்டெண்டோ நிறுவனத்தின் வீட்டு வீடியோ கேம் கருவி) காலத்து விளையாட்டுகளின் இசையைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'காசில்வேனியா'வின் இறுதித் திரையில் இசையமைப்பாளர் 'ஜேம்ஸ் பனானா' என்று வருகிறது. வேறிடங்களில் கினுயோ யமாஷிதா என்கிறார்கள். எதைப் போடுவது? உண்மைப் பெயரை ஏன் மறைத்தார்கள்?

பதில்: யமாஷிதாவின் பெயரையே போடுங்கள், கூடவே சாதோயே தெராஷிமாவின் பெயரையும் சேருங்கள். 1986இல் கொனாமி வெளியிட்ட அந்த விளையாட்டின் இசையில் இருவருக்கும் பங்கு உண்டு. 'ஜேம்ஸ் பனானா'வை யமாஷிதாவின் புனைபெயர் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெயர்ப்பட்டியலை மேலிருந்து படித்துப் பாருங்கள்: இயக்கம் 'டிரான்ஸ் ஃபிஷர்ஸ்', கதை 'வ்ராம் ஸ்டோக்கர்', நடிப்பு 'கிறிஸ்டோஃபர் பீ', 'பெலோ லுகோசி'. டெரன்ஸ் ஃபிஷர், பிராம் ஸ்டோக்கர், கிறிஸ்டோஃபர் லீ, பெலா லுகோசி என டிராகுலாவோடு தொடர்புடைய பெயர்களைக் கேலியாகத் திரித்திருக்கிறார்கள். 1958ஆம் ஆண்டின் டிராகுலா படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டுதான் இங்கே 'பனானா' ஆகியிருக்கிறார். ஆகவே அது யமாஷிதா தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் என்பதைவிட, அவர் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வைத்த நகைச்சுவை என்பதே பொருத்தம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, நினைவகத்தில் இடமில்லை என்பது. 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதுமே 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது என்பதால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் ஒரு திரை நிறையப் பொய்ப்பெயர்களுக்கு இடம் இருந்த 'காசில்வேனியா'வில் உண்மைப் பெயர்களுக்கு மட்டும் இடம் இல்லாமல் போயிருக்குமா?

முதன்மையான காரணம் ஆள் பறிபோகும் அச்சம். ஒரு விளையாட்டு நன்றாக ஓடினால், அதை உருவாக்கியவர் இன்னார் என்று தெரிந்த மறுகணமே போட்டி நிறுவனம் கூடுதல் சம்பளம் பேசி அவரைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று நிறுவனங்கள் அஞ்சின. அந்த அச்சம் வெறும் கற்பனை அன்று. கேப்காம் நிறுவனத்தின் முதல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' 1987இல் வந்தபோது அதன் இயக்குநர் தகாஷி நிஷியாமா 'பிஸ்டன் தகாஷி' என்றும், உடன் உழைத்த ஹிரோஷி மட்சுமோட்டோ 'ஃபினிஷ் ஹிரோஷி' என்றும்தான் குறிக்கப்பட்டார்கள்; அப்படி மறைத்தும் இருவரும் எஸ்என்கே நிறுவனத்துக்குப் போய், அதே சண்டை விளையாட்டு வகையில் கேப்காமுக்கே போட்டியாக நின்றார்கள்.

இதற்குச் சட்டப் பின்னணி ஒன்றும் உண்டு. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, நிறுவனத்தின் முனைப்பில் ஊழியர் பணிநிமித்தம் ஆக்கிய படைப்பு நிறுவனத்தின் பெயரில் வெளியிடப்பட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அதன் ஆசிரியர் நிறுவனமே. கணினி நிரல்களுக்கு அந்தப் பெயர் நிபந்தனைகூட 1985ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தேவைப்படவில்லை. இதன் மறுபக்கத்தை எனிக்ஸ் 1986இல் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்'டில் காணலாம். கதை எழுதிய யூஜி ஹோரி, உருவங்கள் வரைந்த அகிரா தொரியாமா, இசையமைத்த கொய்ச்சி சுகியாமா ஆகியோர் அந்நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். வெளியாட்களான அவர்களின் உண்மைப் பெயர்களே இறுதித் திரையில் வந்தன.

இனி, மற்ற விளையாட்டுகளுக்கு நீங்கள் பெயர் தேடும் முறை. எல்லாப் புனைபெயர்களும் 'பனானா' போன்றவை அல்ல; சிலவற்றில் ஆள் ஒளிந்திருக்கிறார். 1986இன் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா'வில் 'எஸ். மியாஹோன்' என்று வருபவர் நின்டெண்டோவின் விளையாட்டு வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோதான்: அவர் பெயரின் கடைசி ஜப்பானிய எழுத்தை 'மோட்டோ' என்றும் 'ஹோன்' என்றும் இருவிதமாகப் படிக்கலாம். அதே பட்டியலின் 'கோன்சான்' இசையமைப்பாளர் கோஜி கோண்டோ. நாம்கோவின் 'செவியஸ்'ஸில் ஆட்டம் தொடங்கியதும் குறிப்பிட்ட இடத்தில் குண்டு வீசினால் 'எவசூ' என்ற பெயர் தோன்றும். அது அந்த விளையாட்டை உருவாக்கிய மசானோபு எண்டோ. 1981இன் 'டாங்கி காங்' நிரலுக்குள், அதைப் பிரித்துப் படிப்பவர் கண்ணில் மட்டும் படும்படி, இகெகாமி நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிந்திருந்தன. நின்டெண்டோவுக்காக நிரல் எழுதிய இகெகாமி பின்னர் நீதிமன்றம் சென்றது. வழக்கு 1990இல் சமரசத்தில் முடிந்தது.

படைப்பாளரே வெளிப்படையாகப் பேசியிருந்தால் அதை முதல் சான்றாகவும், பின்னாளில் வந்த இசைத்தட்டுகளின் குறிப்பேட்டை அடுத்ததாகவும் கொள்ளுங்கள். 'கொனாமி குகேஹா கிளப்' போன்றவை குழுப் பெயர்கள் என்பதால், அவற்றை வைத்துக்கொண்டு தனி ஒருவரைக் குறிப்பிட்டுவிடாதீர்கள். உங்கள் கட்டுரையில் வரி இப்படி அமையட்டும்: "இசை: கினுயோ யமாஷிதா, சாதோயே தெராஷிமா (திரையில் 'ஜேம்ஸ் பனானா')".